நாற்பத்தெட்டாவது பாட்டில்

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாற்பத்திரண்டாம் வருஷத்துச் சித்திரையில், தேனாம்பேட்டை ரஹ்மானியா ஷர்பத் கம்பெனியில் கடைசி அண்டாவை அடுப்பில் ஏற்றியவன் இனாயத். ஏற்ற வேண்டாம் என்று முதலாளி ஹபீபுர் ரஹ்மான் சொன்னார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொன்னார். கேட்டால்தானே!

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வேலையாட்கள் ஐந்து பேரும் ஊரைப் பார்த்துப் போய்விட்டார்கள். முதலாளியின் குடும்பமும், ஷர்பத் ஊற்றி வைக்கிற பெரிய பீங்கான் ஜாடிகளும் ஒரே மாட்டு வண்டியில் செங்கல்பட்டுக்குப் போயாயிற்று. குடும்பம் வண்டியில் சும்மா உட்கார்ந்து போயிற்று, ஜாடிகள் வைக்கோல் மெத்தையில் சொகுசாகப் போயின. லேபிள் அடிக்கிற அச்சாபீஸ் பூட்டிக் கிடந்தது. அண்டாவுக்கு ஈயம் பூசுகிற உமர் ஃபாரூக் துருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்காட்டுக்குக் கிளம்பிவிட்டான். அவன் இருந்திருந்தாலும் பூசுவதற்கு ஈயம் இல்லை. மலேயாவிலிருந்து வருகிற சரக்கு அது. மலேயாவே கைமாறின பிறகு ஈயத்துக்கு எங்கே போவது?

ஒவ்வொரு கோடையிலும், முதல் அண்டா ஏறுவதற்கு முன்னால், செம்பு அண்டாவின் உள்பக்கம் வெள்ளை வெளேரென்று பூச்சு விழுந்திருக்க வேண்டும் என்பது அந்தக் கம்பெனியின் சட்டம். அந்த வருஷம் மட்டும் பழைய பூச்சோடு ஆரம்பித்தார்கள். சித்திரை பிறப்பதற்குள் அண்டாவின் அடியில் செம்பு பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டது.

"இந்த வருஷத்துக்குப் போதும், நைனா. சாத்திக்கினு நீயும் எங்கனா போய்ச் சேரு" என்றார் ரஹ்மான் சாயபு.

இனாயத் ஒற்றைக் காலில் நின்றான். அரை மூட்டை சர்க்கரை மீதி கிடக்கிறதே, அதை எறும்புக்கா போடுவது என்றான். விளக்கை அணை, விளக்கை அணை என்று தெருத்தெருவாகக் கத்துகிற ஏ.ஆர்.பி. ஆட்கள் வெயிலில் நாக்கு வறண்டு அலைகிறார்கள், நம் ஷர்பத் என்றால் பறக்கிறார்கள் என்றான். பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் அவன் சர்க்கரைக்காகவும் பேசவில்லை, ஏ.ஆர்.பி.காரனுக்காகவும் பேசவில்லை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுச் சந்தில் இருக்கிற ஒரு வீட்டுக்கு அந்த வருஷத்துப் பாட்டில் இன்னும் போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் சங்கதி.

அந்த வீட்டில் இருந்தவள் அன்வரி பேகம், இனாயத்தின் மாமன் மகள். அவனுக்குத்தான் அவள் என்று இராயப்பேட்டையில் உறவுமுறை அத்தனையும் சொல்லிற்று. மாமன் ஒருவர்தான் சொல்லவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் இனாயத் கம்பெனியில் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தான். கச்சேரி ரோட்டில் டிரங்குப் பெட்டிக் கடை வைத்திருந்த மெஹபூப் அலி பெண் கேட்டு வந்தார். பாட்டில் கழுவுகிறவன் எங்கே, பெட்டிக் கடை முதலாளி எங்கே? மாமன் யோசிக்கவே இல்லை. மெஹபூப் அலி கெட்ட மனிதரும் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இனாயத்துக்குத் திட்டுவதற்காவது ஓர் ஆள் கிடைத்திருப்பார்.

நிக்காஹ்வுக்கு ஷர்பத் ரஹ்மானியா கம்பெனியிலிருந்துதான் போயிற்று. தூக்கிக்கொண்டு போனவன் இனாயத். வந்த சனம் முழுக்க அவன் கையால் வாங்கிக் குடித்தது. மணப்பெண்ணுக்கு என்று ஒரு கண்ணாடி டம்ளரில் தனியாக ஊற்றி உள்ளே அனுப்பினான். போன டம்ளர் போனபடியே திரும்பி வந்தது. பெண்ணுக்கு வெட்கம் என்று யாரோ சொன்னார்கள். வெட்கமா, கோபமா, அழுகையா, எது என்று இனாயத்துக்கு இன்று வரைக்கும் தெரியாது.

அதிலிருந்து பிடித்தது பைத்தியம். பைத்தியம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? தன் கையால் காய்ச்சின ஷர்பத்தை அவள் ஒரு வாய் குடிக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். அவளைப் பார்க்க வேண்டாம், பேச வேண்டாம், ஒரு வாய் குடித்தாள் என்று தெரிந்தால் போதும். கழுவுகிற இடத்திலிருந்து காய்ச்சுகிற இடத்துக்கு இரண்டே வருஷத்தில் உயர்ந்தான் என்றால் அதற்கும் இதுதான் காரணம். ஒவ்வொரு கோடையிலும் முதல் அண்டாவிலிருந்து ஒரு பாட்டில் அந்தச் சந்துக்குப் போகும். வீடு வீடாக வளையல் விற்கிற அமீனா பீ கூடையில் வைத்துக்கொண்டு போய், பழைய வாடிக்கைக்குக் கம்பெனி கொடுப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வருவாள். அவள் குடித்தாளா என்று அமீனா பீயிடம் அவன் கேட்டதே இல்லை. கேட்டு, இல்லை என்று பதில் வந்துவிட்டால்?

கம்பெனிக் கணக்கில் அந்தப் பாட்டில் உடைந்தது என்று ஏறும். அதிலும் ஒரு வம்பு இருந்தது. பாட்டில் உடைந்தால் அதன் கழுத்தைக் கொண்டு வந்து காட்ட வேண்டும் என்பது ரஹ்மான் சாயபு வைத்த வழக்கம். இனாயத் வருஷா வருஷம் மவுண்ட் ரோட்டுக் குப்பையைக் கிளறி அதே மாதிரிக் கழுத்து ஒன்றைத் தேடிக் கொண்டு வந்து காட்டுவான். ஐந்து வருஷம் ஐந்து கழுத்து. கள்ளத்தனத்துக்கும் உழைப்பு வேண்டும் அல்லவா?

அந்த வருஷம் அமீனா பீயும் பங்குனியிலேயே வேலூருக்குப் போய்விட்டாள். முதல் அண்டாச் சரக்கு முழுவதையும், மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பின சனம் ஒரே நாளில் வாங்கித் தீர்த்துவிட்டது, அன்வரிக்கு என்று ஒரு பாட்டில் எடுத்து வைக்க முடியவில்லை. அதனால்தான் கடைசி அண்டா.

நன்னாரி வேரை இடித்துப் போட்டு, சர்க்கரைப் பாகு காய்ச்சி இறக்கினான். எப்போதும் பாகு ஆறின பிறகு பீங்கான் ஜாடிக்கு மாற்றி, அதற்கு மேல்தான் எலுமிச்சம்பழம் பிழிவார்கள். செம்பில் புளிப்பு படக் கூடாது என்பது அடுப்பங்கரைக்குள் நுழைந்த யாருக்கும் தெரியும். இனாயத்துக்கும் தெரியும். ஆனால் ஜாடி எல்லாம் செங்கல்பட்டில் இருந்தது. இப்போதே பிழிந்து, இப்போதே பாட்டிலில் அடைத்துவிடப் போகிறோம், அரைமணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று எண்பது பழத்தை அண்டாவிலேயே பிழிந்துவிட்டான். ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தான். அமிர்தம்.

வடிகட்டத் துணியைக் கட்டும்போது பொழுது சாய்ந்துவிட்டது. விளக்கை ஏற்றினான். வெளியிலிருந்து ஏ.ஆர்.பி. ஆள் கதவைத் தடியால் தட்டி, எவன்டா அது விளக்குப் போட்டவன், ஜப்பான்காரனுக்கு வழி காட்டுகிறாயா என்று வைதான். இனாயத் விளக்கை அணைத்துவிட்டு, காலையில் அடைத்துக்கொள்ளலாம் என்று மூடியைப் போட்டுவிட்டுப் போனான். இரவு முழுக்க எலுமிச்சையும் செம்பும் தனியாகக் கிடந்தன. காலையில் வந்து நான்கு டஜன் பாட்டிலில் ஊற்றி அடைத்தான். நன்னாரியின் அடர்ந்த நிறத்தில் பச்சை தெரியவில்லை. நேற்றுத்தான் ருசி பார்த்தோமே என்று மறுபடி வாயில் வைக்கவும் இல்லை.

லேபிள் இல்லாத நாற்பத்தெட்டுப் பாட்டில். நாற்பத்தேழை சைக்கிளில் வைத்து மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று மூன்று நாளில் விற்று முடித்தான். ஒன்றை முதல் நாளே கொண்டுபோய் அந்தச் சந்து வீட்டு வாசற்படியில் வைத்து, கதவுச் சங்கிலியை ஆட்டிவிட்டு, முப்பத்தொரு வயது ஆம்பளை முனைக்கு ஓடி ஒளிந்துகொண்டான். படுதாவுக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. பச்சை வளையல் போட்ட கை. பாட்டிலைத் தடவி எடுத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அன்றைக்கு அவனுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

வினை நான்காம் நாள் வந்தது. தியாகராய நகரில் ஸ்ரீரங்கன் என்று ஒரு வாத்தியார். அவர் வீட்டில் கடைச் சரக்கே நுழையக் கூடாது. சாயபு கடைச் சரக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மனிதருக்கோ நாக்கு நான்கு முழம். மனைவி கும்பகோணத்துக்குப் போன தைரியத்தில் இரண்டு பாட்டில் வாங்கிப் புத்தக அலமாரிக்குப் பின்னால் வைத்துக் குடித்திருக்கிறார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜட்காவில் வந்து கம்பெனி வாசலில் இறங்கினார்.

"விடிஞ்சதுலேர்ந்து எட்டுத் தடவை வாந்தி எடுத்துண்டிருக்கேன், பாய். டாக்டர் செம்புக் களிம்புன்னு சொல்றார். ஆத்துக்காரிக்கு மட்டும் தெரியப்படாது" என்றார்.

அவர் போய் ஒரு மணி நேரத்துக்குள் லஸ் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். பிறகு அடையாற்றிலிருந்து ஒரு வண்டிக்காரன் வந்தான். ரஹ்மான் சாயபு எழுந்து போய் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அடியில் பச்சை படர்ந்திருந்தது. விரலால் தொட்டு எடுத்து இனாயத்தின் முகத்துக்கு நேரே காட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இனாயத்துக்கு இருந்தது.

பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த கருணாகரன், திருநெல்வேலிக்காரர், நல்ல எண்ணத்தோடுதான் புத்தி சொன்னார். பாதி ஊர் ஓடிப்போய்விட்டது, பாட்டிலில் லேபிளும் இல்லை, உங்கள் சரக்கு என்று எவன் நிரூபிப்பான், பேசாமல் இருந்துவிடுங்கள் பாய் என்றார். ரஹ்மான் சாயபு கேட்டுக்கொண்டே ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"ஓடினவன் பாட்டிலையும்தான தூக்கிக்கினு ஓடியிருப்பான்? அவன் கொழந்த வழியில குடிக்கும்" என்றார்.  கருணாகரனே உட்கார்ந்து நாற்பது தாளில் நகல் எழுதிக் கொடுத்தார்.

எழுதியது இதுதான்: "ரஹ்மானியா கம்பெனி, லேபிள் இல்லாமல் விற்ற நன்னாரி ஷர்பத்தில் செம்புக் களிம்பு கலந்துவிட்டது. யாரும் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரும். உடனே வைத்தியரிடம் காட்டவும். பாட்டிலை எங்களிடம் திருப்பித் தரவும். குற்றம் எங்களுடையது."

ஒவ்வொரு வீட்டிலும் அந்தத் தாளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும், மென்று முழுங்கக் கூடாது என்று இனாயத்துக்குக் கட்டளை. சுவரில் ஒட்டினார்கள். தமுக்கு அடிப்பவனைப் பிடித்து மாட வீதியைச் சுற்றி அடிக்கச் சொன்னார்கள். பூட்டின வீடுகளுக்கு முன்னால் அவன் அடித்துக்கொண்டு போனான். நான்கு தெருவுக்கும் சேர்த்து இரண்டு நாய் வந்து கேட்டது.

முதலில் அன்வரி வீட்டுக்கு அல்லவா ஓடியிருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். ஓடினான். அண்டாவில் பச்சையைப் பார்த்த அன்றைக்குச் சாயங்காலமே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரி ரோட்டுக்குப் பறந்தான். சந்து முனையில் மெஹபூப் அலியே எதிரே வந்தார். ஊர் ஓட ஓட அவருக்கு டிரங்குப் பெட்டி வியாபாரம் கொழித்தது. அதனால் தாயாரை வாணியம்பாடிக்கு அனுப்பிவிட்டு அவரும் அன்வரியும் மட்டும் இங்கே தங்கியிருந்தார்கள். கையில் பொட்டலம், முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வீட்டில் சுகமா என்று இனாயத் கேட்டான்.

"இவ்ளோ நாள்ல இப்பத்தான் சுகம்னு சொல்லணும், தம்பி" என்று சிரித்து, அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார் மெஹபூப் அலி.

இனாயத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சுகம் என்கிறார், சிரிக்கிறார். ஆக, அவள் குடிக்கவில்லை. ஆறாவது வருஷமும் குடிக்கவில்லை. புருஷனிடம் பாட்டிலைப் பற்றி எப்படிக் கேட்பது, பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டான். அல்லாவுக்கு நன்றி சொன்னான். சொன்ன வாயோடு, அடையாற்றுக்குச் சைக்கிளை மிதிக்கும்போது, பாலத்து மேல் காற்று முகத்தில் அடிக்க, அழுதான். குடித்திருந்தால் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும், குடிக்கவில்லையே என்று அழுகிற ஒரு மனசு மனுஷனுக்கு இருக்கிறது பாருங்கள்.

எட்டு நாள் அலைந்தான். அடையாற்றில் தோட்ட வீட்டுச் சமையல்காரனிடமிருந்து மூன்று பாட்டில். பனகல் பார்க் பக்கம் ஒரு தாய், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் படித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுவிட்டு, பாட்டிலை அவன் காலடியில் ஓங்கிப் போட்டு உடைத்தாள். அவன் குனிந்து கழுத்தைப் பொறுக்கிக்கொண்டான். பல்லாவரத்துக்கு ஓடின ஒரு குடும்பத்தைத் தேடிப் பல்லாவரத்துக்கே மிதித்தான். குடித்திருந்தவர்கள் இருபத்திரண்டு பேர். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள். வந்த பாட்டிலை எல்லாம், உடைந்ததன் கழுத்தையும் சேர்த்து, ரஹ்மான் சாயபு தம் கையாலேயே கொல்லையில் குழி வெட்டிக் கொட்டினார். நாற்பத்தேழாவதைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னொண்ணு?"

உடைந்துவிட்டது என்றான் இனாயத்.

"கழுத்து எங்க?"

இந்தத் தடவை குப்பையைக் கிளற அவனுக்கு நேரமும் இல்லை, நினைவும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ரஹ்மான் சாயபு கை மண்ணைத் தட்டிக்கொண்டு கிட்டே வந்தார்.

"அஞ்சு வருஷமா நீ காட்டின கழுத்துல ஒண்ணுகூட நம்ம பாட்டிலோடது இல்ல, இனாயத். எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. எந்த ஊடுன்னு நான் கேக்கல. அந்தப் பாட்டில் வந்தாத்தான் நான் குழிய மூடுவேன்."

அவள் தொடவே இல்லை, போனால் பாட்டிலை வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற தைரியத்தில்தான் இனாயத் மறுநாள் மத்தியானம் அந்தச் சந்துக்குப் போனான். சந்தில் ஈ காக்கை இல்லை. பதினோரு வீட்டில் பத்துக் கதவில் பூட்டு. பதினோராவது வாசலில் படுதா தொங்கிற்று. சங்கிலியை ஆட்டினான். இந்தத் தடவை ஓடவில்லை.

யார் என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஆறு வருஷம் கழித்துக் கேட்கிற குரல். சற்றுக் களைத்திருந்தது. மற்றபடி அதே குரல்தான். அவன் பெயரைச் சொன்னான், கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றான். படுதாவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கிட்டே வந்து நின்றது. அவர் கடையில் இருக்கிறார் என்றாள் அன்வரி.

நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தெரியாமல் அவன் இரண்டையும் விட்டுவிட்டான். பத்துப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் லேபிள் இல்லாத பாட்டில் ஒன்று வந்திருக்குமே, அதைத் திருப்பி வாங்க வந்தேன் என்றான். யாருக்காவது கொடுத்தாயிற்றா என்று கேட்டான்.



"மத்த வருஷமெல்லாம் குடுத்துடுவேன்" என்றாள். "பக்கத்து ஊட்டுப் புள்ளைங்க, எதுத்தாப்ல காய்ச்சக்காரி, யாருக்காவது. யாரு அனுப்பறாங்கன்னு மொத வருஷமே தெரியும். தெரிஞ்சுக்கினு எப்படிக் குடிக்கிறது? ஒரு சொட்டு வாயில வச்சதில்ல."

"இந்த வருஷம்?"

"இந்த வருஷம் குடுக்க இந்தத் தெருவுல யாரு கீறாங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "குடிச்சேன்" என்றாள்.

குடித்தாள்! அந்த ஒரு வார்த்தையில் இனாயத்துக்கு அண்டா மறந்தது, களிம்பு மறந்தது, எட்டு நாள் அலைச்சல் மறந்தது. ஆறு வருஷத் தாகம் அவனுக்கு அல்லவா தீர்ந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.  அடுத்த மூச்சில்தான் உறைத்தது. வெட்கங்கெட்டவனே, அவள் குடித்தது விஷம் அல்லவா என்று அவனுக்கு அவன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல் இருந்தது.

எவ்வளவு குடித்தாய், உடம்புக்கு என்ன செய்தது என்று பதறிக் கேட்டான். அவள் சிரித்தாள். மெஹபூப் அலியின் முகத்தில் பார்த்த அதே வெளிச்சம் அந்தச் சிரிப்பில் இருந்தது.

குடித்த அன்றைக்கே வாந்தி என்றாள். மறுநாளும் வாந்தி. அவர் பார்த்துவிட்டு முதலில் பயந்தார், பிறகு விரல் விட்டு எண்ணினார், பிறகு சிறுபிள்ளை மாதிரிக் குதித்தார் என்றாள். ஆறு வருஷம் தர்கா தர்காவாகப் போகாத இடம் இல்லை, ஓதாத தண்ணீர் இல்லை, இப்போதுதான் ஆண்டவன் கண் திறந்தான் என்றாள். மாமியார் வாணியம்பாடியில் மகனுக்கு வேறு பெண் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அவர் அன்றைக்கே தாயாருக்குக் கார்டு எழுதிப் போட்டுவிட்டார், இனிமேல் பார்க்க மாட்டார்கள் என்றாள். புளிப்பாகவே கேட்கிறது நாக்கு, அவர் தினம் மாங்காய் வாங்கிக்கொண்டு வருகிறார், நான் அவருக்குத் தெரியாமல் இந்த ஷர்பத்தைத்தான் தண்ணீரில் விட்டு இரண்டு வாய் குடிக்கிறேன், குடித்தால் உடனே வந்துவிடுகிறது, வரட்டுமே என்றாள்.

"உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்" என்றாள். "வேற யாரு கீறாங்க எனக்குச் சொல்ல?"

இனாயத்தின் கையில் தாள் இருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஒரு சாக்குச் சொல்லிப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விடலாம். பாட்டில் போனால் வாந்தி நிற்கும். நின்றால் நிற்கட்டும், மசக்கை தெளிந்தது என்று நினைத்துக்கொள்வாள். நாள் போனால் தானாகத் தெரிந்துகொள்வாள். அதை இவன் வாயால் ஏன் சொல்ல வேண்டும்? வாழ்க்கையில் அவளுக்கு இவன் கொடுத்தது என்று ஒன்றே ஒன்றுதான், அதையும் இவனே பிடுங்க வேண்டுமா? ஆனால் பத்து நாளாக உள்ளே போன விஷம் இருக்கிறதே. வைத்தியரிடம் போகாமல், வாந்தியைக் கொண்டாடிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால் குடல் என்ன ஆகும்? ஒரு மாசம் கழித்து வாணியம்பாடிக்காரி வந்து, பொய் சொல்லி ஏமாற்றினாள் என்று இவளைத்தானே சொல்வாள்?

தாளை எடுத்தான். நாற்பத்தேழு பாட்டிலுக்குப் படித்த தாள், மனப்பாடமாகவே தெரியும். இருந்தாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு படித்தான். 'ரஹ்மானியா கம்பெனி' என்று தொடங்கும்போதே குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தான். மென்று முழுங்கவில்லை. குடித்தவர்களுக்கு வாந்தியும் வயிற்று வலியும் வரும் என்ற இடத்தைத் தெளிவாகப் படித்தான். குற்றம் எங்களுடையது என்று முடித்தான். எழுதியிருந்தது அவ்வளவுதான். அவன் மேலும் சொன்னான்.

"அண்டாவ ஏத்தினது நான். பழம் பிழிஞ்சது நான். கம்பெனி வேணாம்னுதான் சொல்லிச்சு. உனக்கு ஒரு பாட்டில் அனுப்பணும்னு நான்தான் செஞ்சேன், அன்வரி."

 தூரத்தில் கபாலி கோயில் குளத்துப் பக்கம் ஒரு வண்டி போகிற சத்தம் கேட்டு அடங்கிற்று.

"குடிச்சவங்க எல்லாருக்கும் வாந்தி வந்துதா?" என்று கேட்டாள்.

"எல்லாருக்கும்."

"ஆம்பளைங்களுக்கும்?"

"ஆம்பளைங்களுக்கும்."

அதற்குப் பிறகு அவள் உள்ளே போனாள். வளையல் சத்தம் போவதும், எதையோ நகர்த்துவதும், திரும்பி வருவதும் கேட்டது. படுதாவுக்கு அடியிலிருந்து பாட்டில் வந்தது. அடியில் இரண்டு விரற்கடை மீதி இருந்தது. குனிந்து அதைப் பிடித்தான். அந்தப் பக்கத்துக் கை விடவில்லை. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. இவ்வளவு கிட்டத்தில் அந்தக் கையை அவன் பார்த்ததே இல்லை. வைத்தியரிடம் இன்றைக்கே போக வேண்டும், மெஹபூப் அலியிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்கிறேன், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன் என்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

கை விட்டது.

"இன்னும் ஒரு பத்து நாள் கழிச்சு வந்திருக்கக் கூடாதா, மச்சான்?" என்றாள்.